பொங்கலும் ஓணமும்: பண்டிகைச் சொற்கள் எங்கிருந்து வந்தன?

தைப்பொங்கல் காலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் மூன்று பொங்கக்கட்டிகளுக்கு நடுவே பனையோலை சடசடவென்று எரியும். பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து கட்டியிருக்கும். பால் நுரைத்து விளிம்புக்கு வரும் நேரத்தில் யாரும் பேசமாட்டோம், பானையையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு வருஷம், கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையில் வாக்கப்பட்டுப் போன என் சித்தி எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட்டு, "பொங்ஙி, பொங்ஙி!" என்று சத்தம் போட்டாள். ஆச்சி உடனே குலவையிட்டாள். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சித்தி சொன்ன சொல் நம்முடையதுதானா, இல்லை வேறா என்ற கேள்வி அன்று மனதில் விழுந்தது. அதற்குப் பதில் தேடியதில்தான் சொற்பிறப்பு என்ற துறையே எனக்கு அறிமுகமானது.

நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இந்தத் தேடல் கொஞ்சம் சுலபம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்த மண். இன்றும் ஓணத்துக்கு எங்கள் மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை உண்டு, அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் பொங்கலுக்கு விடுமுறை உண்டு. எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டினால் கடைப்பலகையில் எழுத்து மாறும், காதில் விழும் சொற்களில் பாதி மாறாது. ஒரு சொல்லின் பிறப்பைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம்.

சொற்பிறப்பு என்றால் ஒரு சொல் எங்கே பிறந்தது, எப்படி இன்றைய உருவத்துக்கும் பொருளுக்கும் வந்தது என்று பார்ப்பது. கேட்க இனிமையாக இருக்கும் விளக்கத்தைச் சொல்லிவிட்டால் போதாது, அந்த விளக்கம் சோதனைக்கு நிற்க வேண்டும். அக்கம்பக்கத்து மொழிகளில் அந்தச் சொல் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறோம். பழைய பாட்டிலும் கல்வெட்டிலும் எந்தப் பொருளில் வந்திருக்கிறது என்று பார்க்கிறோம். அப்புறம் முக்கியமானது, ஒலி மாறியிருந்தால் அந்த மாற்றம் ஒரு ஒழுங்கில் நடந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒரு சொல்லில் மட்டும் நமக்கு வசதியாக மாறியது என்றால் சந்தேகப்பட வேண்டும். பத்துச் சொற்களில் அதே மாதிரி மாறியிருந்தால் நம்பலாம்.

பொங்கலிலிருந்தே தொடங்கலாம். பொங்கு என்பது வினை: நுரைத்து எழுதல், மேலே வருதல், மிகுதல். அதோடு 'அல்' சேர்ந்து பொங்கல். ஆடு, பாடு என்பவை ஆடல், பாடல் ஆவது போலத்தான். முதலில் அது ஒரு செயலின் பெயர். பிறகு அந்தச் செயலால் கிடைத்த சோற்றுக்குப் பெயர். அதற்கும் பிறகு அதைச் செய்யும் நாளுக்கே பெயர். செயல், பொருள், நாள் என்று ஒரே சொல் மூன்று படி ஏறியிருக்கிறது. தெலுங்கிலும் பொங்கு என்றால் பொங்குதான்.

சித்தியின் 'பொங்ஙி'யும் இதே சொல்தான். மலையாளத்தில் பொங்ஙு என்றால் மேலே எழு, மித. நடுவில் இருந்த 'ங்க' மட்டும் 'ங்ங' ஆகியிருக்கிறது, 'இங்ஙனம்' என்று சொல்லும்போது நம் வாயில் வருமே, அந்த ஒலி. மூக்கொலி தனக்கு அடுத்து நிற்கும் வல்லொலியை இழுத்துத் தன் மாதிரியே ஆக்கிக்கொள்கிறது. இது இந்த ஒரு சொல்லில் மட்டும் நடந்ததா? பண்டிகைச் சாமான்களையே எடுத்துப் பாருங்கள். நம் தேங்காய் அங்கே தேங்ங. மாங்காய் மாங்ங. பானைக் கழுத்தில் கட்டும் மஞ்சள் அங்கே மஞ்ஞள். கஞ்சி என்பது கஞ்ஞி. ஓணத்துக்கு மரக்கிளையில் கட்டி ஆடும் ஊஞ்சல் அவர்களுக்கு ஊஞ்ஞால். நாம் விருந்தாளியைப் பார்த்து வந்தார் என்றால் அவர்கள் வந்நு என்பார்கள். ங்க, ஞ்ச, ந்த மூன்றும் முறையே ங்ங, ஞ்ஞ, ந்ந ஆகிவிட்டன. ம்ப-வும் ண்ட-வும் தப்பித்துக்கொண்டன: கரும்பு அங்கே கரிம்பு, கண்டு என்பது கண்டுதான். இப்படி ஒரு வரிசையே கிடைக்கும்போதுதான் 'இது ஒரே சொல்' என்று தைரியமாகச் சொல்ல முடிகிறது.

விதிக்கு அடங்காத சொல்லும் உண்டு. இஞ்சி அங்கேயும் இஞ்சிதான். திருவனந்தபுரம் ஆற்றுகால் கோயிலில் கும்ப மாதத்தில், அதாவது மாசியில், பெண்கள் தெருத்தெருவாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்களே, 2009-ல் 25 லட்சம் பேர் கூடியதாக உலகச் சாதனைப் பட்டியலில் ஏறிய வழிபாடு, அதன் பெயர் பொங்கால. அதில் 'ங்க' அப்படியே நிற்கிறது. பேச்சில் தேய்ந்த ஒலி வழிபாட்டுப் பெயரில் தேயவில்லை. அந்தப் பொங்காலையில் பெண்கள் இடுவதும் குரவை, ஆச்சி இட்டதும் குலவை. ர-வும் ல-வும் இடம் மாறியதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை.

கன்னடத்தில் வேறொரு விதி ஓடியிருக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் இருந்த ப அங்கே ஹ ஆகிவிட்டது. பால் ஹாலு, பூ ஹூவு. குடகு நாட்டில் புதுநெல் அறுக்கும் விழாவுக்கு ஹுத்தரி என்று பெயர். கேட்டவுடன் நமக்கு ஒன்றும் புரியாது. ஹ இருக்கும் இடத்தில் ப-வை வைத்துப் பாருங்கள், புத்தரி. குடகர்களே புத்தரி என்றும் சொல்வார்கள். புது ஆடை புத்தாடை ஆவது போல, புது அரி புத்தரி. மலையாளத்தில் அரி என்றால் அரிசி. ஆடி மாதம் சுசீந்திரம் கோயிலில் புதுக்கதிர் கட்டு வைத்து நடக்கும் நிறைபுத்தரிசிப் பூஜை எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதைத்தான் மலையாளிகள் நிறபுத்தரி என்கிறார்கள். குடகு மலைக்கும் நாஞ்சில் வயலுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! நடுவில் ஒரே ஒரு எழுத்துத்தான் மாறியிருக்கிறது.

வெல்லமும் அப்படித்தான். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது பெல்லம், பெல்ல. நம் வ அங்கே ப, அதுவும் 'பஸ்' என்னும்போது வரும் மெல்லிய ப. சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்கு இது புதிதாக இருக்காது.

வெல்லத்தைச் சொன்னால் சர்க்கரையை விட முடியாது. சென்னையிலிருந்து வந்திருந்த அத்தை மகன் ஒருநாள் சித்தி வீட்டில் காப்பி போட வேண்டும் என்று பாறசாலைக் கடைக்குப் போய் "ஒரு கிலோ சர்க்கரை" என்று கேட்டான். கடைக்காரர் பழுப்பு நிற உண்டைகளை நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அவன் குழம்பிப்போய்த் திரும்பி வந்தான். கடைக்காரர் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். கேரளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். வெள்ளையாக இருப்பது பஞ்சசார. எங்கள் ஊரில் வெள்ளைக்குச் சீனி என்று பெயர், சீன தேசத்தின் பெயரிலிருந்து வந்தது. சர்க்கரை என்பது வடமொழி சர்க்கரா. சரளை, பொடிக்கல் என்ற பொருளும் அதற்கு உண்டு. கரும்புப்பாகு காய்ச்சி இறுகியதும் நறநறவென்று கல் மாதிரி இருக்குமே, அதனால் அந்தப் பெயர். அந்தச் சொல் பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா வரை போயிருக்கிறது. ஆலை வெள்ளைச் சர்க்கரை பரவிய பிறகு தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெயர் அதற்கு மாறிவிட்டது. கேரளம் மாற்றவில்லை, ஓண இலையில் வைக்கும் சர்க்கரை வரட்டி வெல்லப்பாகில் புரட்டிய நேந்திரங்காய்தான். நம்மிடமும் ஓர் இடத்தில் பழைய பொருள் ஒளிந்திருக்கிறது: சர்க்கரைப் பொங்கல். பெயரில் சர்க்கரை, பானையில் வெல்லம். அத்தை மகனிடம் இதைச் சொன்னதும் அவனுக்குப் பாறசாலைக் கடைக்காரர் மேல் இருந்த வருத்தம் போய்விட்டது.

சரி, ஓணத்துக்கு வருவோம். இது திராவிட வேர் இல்லை. திருவோண நட்சத்திரத்தின் வடமொழிப் பெயர் ஸ்ரவணம். வடமொழிக்கு நெருக்கமான பழைய பேச்சுமொழியான பிராகிருதத்தில் அது ஸவணம். பிராகிருதப் பேச்சில் 'அவ' என்ற ஒலி 'ஓ' ஆவது வழக்கம். உப்புக்கு லவணம் என்று பெயர், அது பிராகிருதத்தில் லோணம் ஆனது. அதே பாதையில் ஸவணம் ஓணம் வரைக்கும் வந்துவிட்டது. முன்னால் இருந்த ஸ எங்கே போனது? தமிழுக்கு வந்த பழைய கடன்சொற்களில் முதல் ஸ உதிர்ந்துபோவது உண்டு. ஸ்ராவணி என்ற மாதப்பெயர் நம்மிடம் ஆவணி ஆனதும் இப்படித்தான். ஆக ஓணமும் ஆவணியும் ஒரே வேரில் வந்த உடன்பிறப்புகள், ஒன்று நட்சத்திரம், இன்னொன்று மாதம். மலையாளிகள் மாதங்களுக்கு ராசிப் பெயர் வைத்துக்கொண்டதால் ஆவணி அவர்களுக்குச் சிங்கம், அதாவது சிம்ம ராசி. அவர்கள் மாதப்பெயரை விட்டுவிட்டு நட்சத்திரத்தைக் கொண்டாடுகிறார்கள். நாம் மாதப்பெயரை வைத்துக்கொண்டு நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்துக்கும் பெருமாள் கோயிலுக்கும் கொடுத்துவிட்டோம்.

ஒரு காலத்தில் அப்படிக் கொடுக்கவில்லை. மதுரைக்காஞ்சி பாண்டியன் தலைநகரில் நடந்த விழாவை 'மாயோன் மேய ஓண நன்னாள்' என்கிறது. மயிலாப்பூரில் பாடிய சம்பந்தர் 'ஐப்பசி ஓண விழா' என்கிறார். ஓணம் என்றால் ஆவணியில்தான் என்று இல்லை, எந்த மாதத்திலும் அந்த நட்சத்திர நாள் விழாவாக இருக்கலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. ஓணம் கேரளத்தின் சொல் என்று நினைத்து ஒதுங்கி நிற்பவர்களிடம் நான் இந்த இரண்டு வரிகளையும் ஆசையாகச் சொல்வதுண்டு.

ஓணத்தோடு சேர்த்துப் பத்து நாள் வாசலில் இடும் பூக்கோலமான அத்தப்பூவில் உள்ள அத்தமும் நட்சத்திரம்தான். ஹஸ்தம் பிராகிருதத்தில் ஹத்தம் ஆகி, நம் வாயில் ஹ உதிர்ந்து அத்தம் ஆனது. அதற்கும் முந்தைய நாள் வாசலைப் பெருக்கி மெழுகி வைப்பார்கள். கடைசிக்கு முந்தைய நாள் உத்திராடம், அன்று சந்தையில் நடக்கும் அலைச்சலுக்கு உத்ராடப் பாச்சில் என்று பெயர். பாச்சில் என்பது நம் பாய்ச்சல்.

தை என்ற பெயரும் இந்த வரிசையில் வருவதே. நம் மாதப் பெயர்கள் பௌர்ணமியன்று நிலா நிற்கும் நட்சத்திரத்தை வைத்து வந்தவை. பூச நட்சத்திரத்துக்கு இன்னொரு பெயர் திஷ்யம். அதற்குரிய மாதம் தைஷம், அது சுருங்கித் தை. அப்படிப் பார்த்தால் தைப்பூசம் என்ற சொல்லின் இரண்டு பாதியிலும் ஒரே நட்சத்திரம் உட்கார்ந்திருக்கிறது.

ஆந்திரத்தில் பொங்கலுக்குச் சங்கிராந்தி என்று பெயர். ஸம் என்ற முன்னொட்டும் க்ரம் என்ற வேரும் சேர்ந்தது. க்ரம் என்றால் அடியெடுத்து வைத்தல். சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்கு அடியெடுத்து வைக்கும் நேரம் சங்கிராந்தி, மகர ராசிக்குள் வைத்தால் மகர சங்கிராந்தி. தமிழ் நாக்குக்குக் 'க்ரா' கொஞ்சம் தடுக்கியதால் நடுவில் ஓர் அகரத்தைச் சேர்த்துச் சங்கராந்தி என்கிறோம். இப்போது ஓணக்கதையை நினைத்துப் பாருங்கள். மூன்றடி மண் கேட்டு உலகை அளந்தவன் பெயர் திரிவிக்கிரமன். திரி, மூன்று. விக்கிரமம், அடி வைத்தல். அதே க்ரம். தையில் சூரியன் எடுத்து வைக்கும் அடியும், ஆவணியில் வாமனன் எடுத்து வைத்த அடியும் ஒரே வேரிலிருந்து வந்தவை! இதை முதல்முறை புரிந்துகொண்ட அன்று எனக்கு இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

இனி ஓர் எச்சரிக்கை. சொல்லைக் காதால் மட்டும் கேட்டுப் பொருள் சொல்லும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. பழையதைப் போக்குவதால் போகி என்று பள்ளியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அழகான விளக்கம்தான். ஆனால் போக்கி என்பதில் இரண்டு க், போகியில் ஒன்று. ஒரு க் ஏன் காணாமல் போக வேண்டும்? தெலுங்கில் இந்தச் சொல்லின் முதல் எழுத்து மூச்சு விட்டுச் சொல்லும் 'ப', வடமொழி எழுத்து. போகம் உடையவன் போகி. இன்பத்தை அனுபவிப்பவன் என்ற பொருளில் இந்திரனுக்கு அது ஒரு பெயர். மழைக்கு உரியவனான அவனுக்கு அறுவடை நேரத்தில் ஒருநாள் ஒதுக்கியது இயல்பு. பழையதை எரிக்கும் வழக்கம் அந்த நாளோடு சேர்ந்ததும், சொல்லுக்குள் 'போக்கு' இருப்பதாக மனம் படித்துக்கொண்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது எங்கள் ஊர் சித்திரைக்கனி. அது அறுவடை விழா இல்லை, ஆண்டுப் பிறப்பு. முதல்நாள் இரவே உருளியில் மாம்பழம், பலா, கொன்றைப்பூ, கண்ணாடி, காசு எல்லாம் வைத்து, விடியலில் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். கேரளத்தில் அதே நாளில் அதே உருளி, பெயர் விஷுக்கணி. மூன்றுசுழி ண். கணி என்றால் காட்சி, முதலில் காண்பது. காண் என்ற வேர். நாம் இரண்டுசுழி ன் போட்டுக் கனி என்கிறோம். உருளி நிறையப் பழம் இருக்கும்போது கனி என்று கேட்பதுதானே இயற்கை? என் கணிப்பில் கணிதான் மூத்தது. ஏனென்றால் நாமும் கனி 'காண்கிறோம்', யாரும் சாப்பிட அவசரப்படுவதில்லை. இந்தக் 'காண்' குடும்பம் பெரிது. உறவினரைப் போய்ப் பார்க்கும் காணும் பொங்கல் அதில் சேர்த்தி. ஓணத்துக்குக் குருவாயூரில் வைக்கும் வாழைக்குலையைக் காழ்ச்சக்குலை என்பார்கள், காழ்ச்ச என்பது நம் காட்சி. பெரியவர்களைக் காணப் போகும்போது கையில் கொண்டுபோவது காணிக்கை.

காது ஏமாற்றும் இன்னொரு கதை. மலையாளத்தில் ஒரு பழமொழி: 'காணம் விற்றும் ஓணம் உண்ணணம்'. காணத்தை விற்றாவது ஓணச்சாப்பாடு சாப்பிட வேண்டும். சித்தி இதைச் சொன்னபோது ஆச்சிக்கு ஒரே ஆச்சரியம். "காணத்த வித்தா எவ்வளவு மக்ளே கெடச்சிரும்?" என்றாள். எங்கள் பக்கம் காணம் என்றால் கொள்ளு. மாட்டுக்கு அவித்துப் போடுவது, ஜலதோஷத்துக்கு ரசம் வைப்பது. ஒரு மூட்டை கொள்ளை விற்று எப்படி ஊருக்குச் சோறு போடுவது?

பழமொழியில் உள்ள காணம் வேறு. கேரளத்தில் நிலத்துக்கு முன்பணம் கொடுத்து அனுபவிக்கும் உரிமைக்குக் காணம் என்று பெயர், காணப்பாட்டம் என்பார்கள். நிலவுரிமையையே விற்றாலும் சரி, ஓணம் உண்டாக வேண்டும் என்பது பழமொழியின் வேகம். நிலத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? பின்னால் போனால் காணம் என்பது பொன், பொற்காசு. பதிற்றுப்பத்தின் பதிகத்தில், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் தன்னைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையாருக்கு அணிகலன் செய்துகொள்ள ஒன்பது காப்பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்ததாக வருகிறது. சேரன் கொடுத்த பொற்காசு. அந்தக் காசு கைமாறி நிலத்தின் மேல் முன்பணமாக உட்கார்ந்து, பிறகு நிலவுரிமைக்கே பெயராகி, கடைசியில் ஓணப் பழமொழிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பணத்தின் பெயர் உரிமையின் பெயராவது மொழியில் அடிக்கடி நடக்கும், குத்தகையைக் குறிக்கும் 'பாட்டம்' என்ற சொல்லையும் இப்படியே யோசித்துப் பார்க்கலாம்.

சொல் அப்படியே இருந்து, அதன் மேல் படிந்த உணர்வு மட்டும் மாறுவதும் உண்டு. சித்தி வாக்கப்பட்டுப் போன முதல் ஓணத்துக்கு ஆச்சிக்கு ஒரு நேரியதும் முண்டும் கொண்டுவந்தாள். கசவுக்கரை போட்டது. மடிப்புக் கலையாமல் இரண்டு கையிலும் வைத்து, "அம்மா, ஓணக்கோடி" என்று நீட்டினாள். ஆச்சி முகம் வாடிவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா கோடின்னு சொல்லாத மக்ளே. புதுத்துணின்னு சொல்லு." நம் வழக்கத்தில் கோடி போடுவது என்றால் துக்கவீட்டில், பிறந்த வீட்டார் கொண்டுவரும் துணி. ஆச்சி தாத்தாவுக்காக அந்தத் துணியை வாங்கிக் கொண்டு சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. சித்தியும் அழுதாள், ஆச்சியும் அழுதாள்.

கோடி என்ற சொல்லுக்குள் துக்கம் ஒன்றும் இல்லை. கோடி என்றால் புதுமை, இன்னும் தண்ணீரில் நனையாத புத்தாடை. ஆண்டாள் தன் கல்யாணக் கனவில் 'மந்திரக் கோடி உடுத்தி' என்று பாடுகிறாள், மணப்பெண்ணுக்கு உடுத்தும் கூறைப்புடவை அது. நல்லதற்கும் கெட்டதற்கும் புதுத்துணி உண்டு. கேரளம் நல்லதை நினைவில் வைத்துக்கொண்டது. நம் பேச்சில் மற்ற இடங்களுக்கெல்லாம் புதுத்துணி, புத்தாடை என்ற சொற்கள் வந்துவிட, கோடி துக்கவீட்டில் மட்டும் மிஞ்சிவிட்டது. பின்னாளில் ஆண்டாள் வரியை ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகும் அவள் கோடி என்று சொல்லவில்லை. ஆனால் சித்தி சொன்னபோது தடுக்கவும் இல்லை.

அறுவடைக்கு வருகிறேன், எல்லாம் அதற்குத்தானே. மலையாளத்தில் நெல் அறுப்பதற்குக் கொய்த்து என்று பெயர். நாம் பூவைக் கொய்வோம், நெல்லை அறுப்போம். பழைய தமிழில் தினைக்கதிரையும் கொய்தார்கள், அரிவாளோடு வரும் அந்தப் பொருளைத்தான் மலையாளம் தொடர்கிறது. அவர்கள் கற்ற என்பது நம் கற்றை, அரிந்த தாளின் கட்டு.

எங்கள் நாஞ்சில் நாட்டின் பெயரிலேயே கலப்பை இருக்கிறது, நாஞ்சில் என்றால் கலப்பை. இங்கே நெல்லுக்கு இரண்டு பருவம்: கன்னிப்பூ, கும்பப்பூ. வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டதும் ஏதோ பூச்செடி என்று நினைப்பார்கள். கன்னி என்பது புரட்டாசி, கும்பம் என்பது மாசி, மலையாள மாதப் பெயர்கள் எங்கள் வரப்பில் இன்னும் நிற்கின்றன. அந்த மாதங்களை ஒட்டி அறுப்பு வருவதால் அந்தப் பெயர். பூ என்றால் இங்கே மலர் இல்லை, விளைச்சல், போகம். இரண்டு போகம் விளையும் நிலத்தை அவர்கள் இருப்பூ நிலம் என்பார்கள். பூத்தால்தானே காய்க்கும், விளையும். அதனால் பூ என்ற சொல் விளைச்சல் முழுவதற்கும் ஆகிவிட்டது. ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கும்பப்பூ அறுப்பு தை முடிந்து மாசிக்குப் போகும். தைப்பொங்கல் அன்று எங்கள் வீட்டு நெல் பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். பானையில் வேகும் பச்சரிசி போன பூவில் வந்தது. பச்சரிசியின் பச்சையும் நிறம் இல்லை, அவிக்காதது என்று பொருள். தெலுங்கில் பச்சி என்றால் இன்றும் வேகாதது.

அறுத்ததைக் கொண்டுவந்து அடிக்கும் இடம் களம். அதே சொல் மலையாளத்தில் தரையில் வண்ணப்பொடியால் தெய்வ உருவம் எழுதும் இடத்துக்கும் ஆகும். ஓணத்துக்கு வாசலில் இடும் பூக்கோலம் பூக்களம். பெருக்கி, சாணம் மெழுகி, சுத்தமாக்கிய வட்டம் என்பது இரண்டுக்கும் பொது. நெல்லடிக்கும் களத்தையும் ஆச்சி காலத்தில் அப்படித்தான் மெழுகுவார்கள்.

அந்தக் களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பெயர் பொலி. பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். பொலிவு, பொலிகாளை எல்லாம் அந்த வேர்தான். கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த பொன்னுக்கு வரும் வட்டியைப் பொலிசை என்றும் பலிசை என்றும் வெட்டியிருக்கிறார்கள். பாறசாலை வங்கிக்குப் போனால் இன்றும் வட்டிக்குப் பலிச என்றுதான் பலகையில் எழுதியிருக்கும். முதல் பெருகினால் அது பொலிசை, விதை பெருகினால் அது பொலி. நெல்லை மரக்காலில் அளக்கும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார்கள், "லாபம்" என்று தொடங்கி, "ரெண்டு, மூணு" என்று போவார்கள். பொலியோ பொலி என்று குரல் கொடுப்பார்கள். இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்துச் சாக்கில் கொட்டிவிடுகிறது. களம் மெழுகுவது இல்லை, குரலும் இல்லை.

சித்தி வீட்டுக்கு ஒரு ஓணத்துக்கு ஆச்சியைக் கூட்டிப் போயிருந்தேன். முந்தைய நாள் தோவாளைச் சந்தையில் வாங்கிய செவ்வந்தியும் வாடாமல்லியும் மடியில் ஒரு பை நிறைய. காலையில் சித்தியின் பேத்தியும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளும் முற்றத்தில் உட்கார்ந்து, வட்டம் வட்டமாக இதழ்களை வைத்துக்கொண்டே, "பூவே பொலி, பூவே பொலி" என்று பாடினார்கள். ஆச்சி திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"இது களத்துல சொல்லுகதுல்லா" என்றாள். பிறகு, பல்லில்லாத வாயால், அவள் பழைய குரலில், "பொலியோ பொலி" என்றாள். குழந்தைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த வரியைப் பாடினார்கள்.